கருவேலங்கரியில் வரைந்த உண்ணிச்செடி

படம் வரைய வேண்டிய கரியை நானே சுட்டுக்கொள்கிறேன். வேங்கிக்கால் ஏரிப்பக்கம் போனால் சீமைக்கருவேலங்குச்சி வேண்டிய மட்டும் கிடைக்கும். ஏன் ஒடிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். விரல் பருமனாகப் பார்த்து ஒடித்து, முள்ளைச் சீவி, பட்டையை உரித்து, பழைய பிஸ்கட் டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு நெருப்பில் வைத்துவிட வேண்டும். ஓட்டை வழியாக வரும் புகை நின்றால் கரி தயார். டப்பா ஆறுகிற வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்று பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். எனக்குப் பொறுமை கம்மி. நிறைய டப்பா சாம்பலாகியிருக்கிறது.

அந்தக் கரியால் நான் வரைவதும் யாரும் வேண்டாம் என்கிற செடிகளைத்தான். மலைச்சரிவில் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி, காலிமனையெல்லாம் பூத்து நிற்கும் பார்த்தீனியம், குளத்தை மூடிய ஆகாயத்தாமரை, பிறகு அந்தச் சீமைக்கருவேலமே. அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து, மாம்பழமும் மயிலும் தேசியக் கொடியும் சொல்லிக்கொடுத்தே அலுத்துப்போன கை இது. ஓய்வு பெற்றதும் மலையை வரைவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். இந்த ஊரில் பென்சில் பிடித்தவனெல்லாம் மலையைத்தான் வரைகிறான். செங்கம் சாலையில் காபிக் கடைக்குக் கடை மலை தொங்குகிறது: நீல மலை, சிவப்பு மலை, நடுவில் கண் வைத்த மலை. நான் மலைமேல் என்ன முளைத்திருக்கிறது என்று வரைந்தால் மட்டும் சிரிக்கிறார்கள்.

"துளசி வரைங்க, வில்வம் வரைங்க. நாலு பேரு பூஜை ரூம்ல மாட்டுவான். முள்ள வரைஞ்சா யாருங்க வாங்குவா?" என்பாள் என் மனைவி.

விற்பதற்காக வரையவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் தெரியுதே" என்றாள்.

உண்மைக் காரணம் அவளுக்கும் தெரியும். எங்கள் பெண் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கு என் சைக்கிளில்தான் வருவாள். வழியில் உண்ணிப்பூ கண்ணில் பட்டால் நிறுத்தச் சொல்வாள். நிறுத்தாவிட்டால் முதுகில் குத்துவாள். கொத்திலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிடுங்கி, காம்புப் பக்கம் வாயில் வைத்து உறிஞ்சி, பிறகு ஒரு பூவின் குழாயில் இன்னொன்றைச் செருகிச் செருகி வளையல் மாதிரி செய்து கையில் போட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடம் போவதற்குள் அது உதிர்ந்துவிடும். கையில் அந்தக் காரமான வாசனை மட்டும் இருக்கும். இப்போது நான் மலையடிவாரத்தில் உட்கார்ந்து அந்தச் செடியை வரையும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பேன். அவள் நினைப்பு வந்துவிடும். அதற்காகவே கசக்குகிறேன் என்றும் சொல்லலாம்.

கல்யாணம் ஆகிப் பிரிஸ்பேனுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. இவளும் ஒரு வேலை தேடிக்கொண்டாள். கொஞ்ச வருஷம் இருந்துவிட்டு வந்துவிடுவோம் என்று சொல்லித்தான் போனார்கள். அதை நம்பி வேங்கிக்கால் வீட்டுக்கு மேலே மாடி எடுத்தேன். மாப்பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று மேல்நாட்டுக் கக்கூஸ், மலை தெரிகிற பக்கம் பெரிய ஜன்னல், பெண்ணுக்குப் பிடித்த பச்சை டிஸ்டெம்பர். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் வாடகைக்குக் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். அது எங்கள் பெண்ணுக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் உறவுக்காரர்கள் மட்டும் காலில் தைலம் தேய்த்துக்கொண்டு அங்கே படுத்துத் தூங்கிவிட்டுப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவாள். ஒரு ஞாயிறு, நடந்துகொண்டே பேசியவள், "அப்பா, இங்க யாரு நிக்கறாங்க பாருங்க" என்று போனைத் திருப்பினாள். யாரோ சொந்தக்காரர் போலிருக்கிறது என்று நான் சட்டைப் பித்தானைப் போட்டேன். பார்த்தால் ஓடைக்கரையில் உண்ணிச்செடி. அதே சொரசொரத்த இலை, அதே ஆரஞ்சும் ரோஸும் கலந்த கொத்து.

"இன்னாங்க இது, நம்ம மலையில இருக்கறது!" என்றாள் மனைவி.

நம்முடையதும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. அமெரிக்காப் பக்கத்துச் செடி. பூ அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரன் தொட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். தொட்டியை விட்டு இறங்கியது, காட்டைப் பிடித்தது. இதை நான் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தால் மனைவி எழுந்து போய்விடுவாள். ஒரு தடவை, மிளகாய், தக்காளி, நாம் மல்லாட்டை என்று தின்கிற வேர்க்கடலை எல்லாமே கடல் தாண்டி வந்ததுதான் என்று இட்லி சாப்பிடும்போது சொன்னேன். தட்டில் இருந்த மல்லாட்டைச் சட்னியைக் காட்டி, "அப்ப அந்த வெளியூர்க்காரன அங்கயே வச்சிட்டு வெறும் இட்லி சாப்புடுங்க" என்றாள்.

அங்கே உண்ணிச்செடி விற்கக் கூடாதாம், சும்மா ஒருவருக்குக் கொடுக்கவும் கூடாதாம். பிடுங்குவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. விடுமுறையில் கையுறை போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்குப் போவார்கள். எங்கள் பெண்ணும் அதில் சேர்ந்திருந்தாள்.

"இங்க வீட்டு வாசல்ல ஒரு புல்லக் கிள்ளிப் போட்டிருப்பியா? ஊரு விட்டு ஊரு போயி களை புடுங்கறியா?" என்று கேட்டேன்.

"எங்க கூட்டத்துல பாதிப் பேரு வெளியூருதாம்பா. ஒரு வெள்ளைக்காரம்மா இருக்காங்க, அவங்கதான் தலைவி. இதெல்லாம் கப்பல்ல வந்த செடின்னு சொல்லிக்கினே இருந்தாங்க. அப்புறம் அவங்களே நிறுத்திட்டு, நாங்களும் கப்பல்லதான் வந்தோம்னு சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம்."

இன்னொரு நாள் அவள் வீட்டுத் தெருவைக் காட்டினாள். வழவழவென்று வெள்ளைத் தண்டோடு ஒரு பெரிய மரம், கிளை கொள்ளாமல் கிளிகள். என்ன மரம் என்று எனக்குத் தெரியவில்லை. தைல மரம் என்றாள். நான் நம்பவில்லை. நம் ஊரில் தைல மரம் என்றால் வரிசையாக நட்டு, கையளவு பருத்ததும் வெட்டி லாரியில் ஏற்றுவது. கிணறு வற்றினால் அதைத்தான் திட்டுவோம். அதன் சொந்த ஊரில் அது ராஜா மாதிரி நின்றது. மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதது அதது ஊர்ல இருந்தாதாங்க லட்சணம்" என்றாள். பெண் காதிலும் அது விழுந்தது. கொஞ்ச நேரம் கிளியையே காட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அந்தக் களை பிடுங்கும் கூட்டத்தார் அங்குள்ள நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். பல ஊர்க்காரர்கள் வரைந்த களைச்செடிப் படங்கள் மட்டும். பெண் என் படங்களைப் போனில் காட்டியிருக்கிறாள். அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. மனைவியிடம், "யாரு வாங்குவான்னியே, கடல் தாண்டிப் போகுது பாரு" என்றேன்.

"போறது மட்டும் எல்லாம் நல்லாப் போகுது" என்றாள் அவள்.

பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "அப்பா, இலை ஒட்டாதீங்க, காய் ஒட்டாதீங்க, மண்ணு படக் கூடாது. இங்க தாவரம், விதைன்னா ரொம்ப ஸ்டிரிக்ட்டு." கரி பரவாயில்லையா என்று கேட்டேன். விசாரித்துச் சொன்னாள். எரித்தது என்றால் தடையில்லையாம், உயிர் இருக்கிறதுக்குத்தான் தடை. நான் ஒவ்வொரு தாளையும் உதறி, பின்பக்கம் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மாடி கட்டியபோது மீந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருந்தது. அதை அளவாக அறுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, படங்களைச் சுருட்டி உள்ளே விட்டேன். ஒரு பக்கம் மூடி போட்டு ஒட்டினேன். மறுபக்கத்தை மனைவி ஒட்டுகிறேன் என்றாள். இத்தனை நாள் கிண்டல் செய்தவள் உதவிக்கு வருகிறாளே என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கூரியர்க் கடையில் உள்ளே என்ன என்று கேட்டபோது, காகிதம் மட்டும் என்று தலை நிமிர்ந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் கூப்பிட்டபோது குரல் சரியில்லை. குழாயை அங்கே சோதனையில் பிடித்து வைத்துவிட்டார்களாம்.

"உள்ள விதை இருந்துச்சாம்பா."

எனக்கு வந்ததே கோபம். "நான் இன்னா விதை கடத்தறவனா? ஒவ்வொரு தாளா ஒதறிப் பாத்துதான் வச்சேன். நல்லாப் பாக்கச் சொல்லு. கருவேலங்காய் எதுனா ஒண்ணு ஒட்டிக்கினு போயிருக்கும்."

"ஒண்ணு ரெண்டு இல்லப்பா. ஒரு துணியில முடிச்சிப் போட்டு இருந்துச்சாம். போட்டோ அனுப்பியிருக்காங்க. எள்ளு இருக்கு, பச்சப்பயறு, கொள்ளு, நெல்லு, மொச்சை..."

"உளுந்து?"

"இருக்குப்பா."

"துவரை, கோதுமை, கடலை?"

ஒன்பதும் இருந்தன. அவளும் அப்போதுதான் எண்ணிப் பார்த்திருப்பாள். நவதானியத்தை ஒரு தாய் எதற்கு முடிந்து அனுப்புவாள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெண் சொந்த வீட்டில் பால் காய்ச்சும்போது பிறந்த வீட்டிலிருந்து தானியம் போக வேண்டும். விளக்கும் உப்பும் மஞ்சளும் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், தானியம் மட்டும் தாய்வீட்டுக் கையால் வரவேண்டும்.

"அப்பா, நான் அப்புறம் பேசறேன்" என்று பெண் வைத்துவிட்டாள்.

மனைவி அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நிமிரவில்லை.

"வீடு வாங்கிட்டாங்களா?"

"ம்."

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"தை மாசத்துலேந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாகிட்ட மெதுவாச் சொல்லும்மான்னா. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? மாடிக்குப் போயி கதவ சாத்திக்கினு உக்காந்துக்குவீங்க."

நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காகக் கீழேயே நிற்க முடியுமா? பச்சைச் சுவரைப் பார்த்தேன். ஒரு பக்கம் மழைத் தண்ணீர் இறங்கிக் கறை பிடித்திருந்தது. இத்தனை வருஷமும் அவள் வரப்போகிறாள், வரப்போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தபோது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அவள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. போகும்போது வருவோம் என்று நினைத்துத்தான் போயிருப்பாள். எனக்கு அவள் வேண்டும். பக்கத்துத் தெருவில், கூப்பிட்டால் வருகிற தூரத்தில், சண்டை போட்டாலும் சாயந்திரம் வந்து டீ குடித்துவிட்டுப் போகிற மாதிரி வேண்டும். இதில் நியாயம் இருக்கிறதா என்றெல்லாம் அன்றைக்கு யோசிக்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்கு மனைவி தட்டோடு மேலே வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். அழுதிருந்தாள்.

"அதையெல்லாம் இன்னா பண்ணுவாங்களாம்?"

"அழிச்சிடுவாங்க."

"எரிப்பாங்களா?"

"எரிப்பாங்களோ, புதைப்பாங்களோ. மொளைக்காத மாதிரி எதாவது பண்ணுவாங்க."

"என் சீலை முந்தானையில கிழிச்சி முடிஞ்சேங்க. அவ வீட்டுக்குன்னு அனுப்பினது. அத எரிச்சா அவளுக்கு எதுனா ஆயிடுமா?"

இவள்மேல் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் அந்தக் கேள்வியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விதை முளைப்பதைப் பார்த்து ஒரு நாடே பயப்படுகிறது. இவள் அது முளைக்காமல் போவதைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

"அக்னியிலதான போகும்? மலையே அக்னியா நிக்கற ஊர்க்காரி நீ, நெருப்பப் பாத்துப் பயப்படலாமா? ஓமத்துல போட்டதா நெனச்சிக்க" என்றேன்.

அவள் அதை நம்பினாளா தெரியாது. கீரையைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நானும் சாப்பிட்டேன்.

படங்களைப் பிறகு விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றாக விரித்து, சோதித்து, கரி கரிதான் என்று தெரிந்துகொண்டு அனுப்பினார்களாம். கண்காட்சி முடிந்துபோயிருந்தது. அதனால் என்ன, புது வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்று பெண் சொன்னாள். புது வீடு என்று என்னிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். நான் சரி என்றேன்.

பால் காய்ச்சிய அன்று எங்களுக்கு விடியற்காலை, அங்கே வெயில் ஏறியிருந்தது. மனைவி குளித்துப் பட்டுப்புடவை கட்டி, போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். இந்தியச் சாமான் கடையில் வாங்கிய தானியத்தைக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். "அரசாங்கம் உட்ட தானியம் அத்தை, பயப்படாதீங்க" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்தார். மின்சார அடுப்பில் பால் பொங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பொங்கியதும் இங்கே மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு பெண் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடம், அடுப்படி, இரண்டு அறை. இன்னொரு அறையைக் காட்டி, "இது உங்களுக்கு" என்றாள். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், உட்கார்ந்து வரையத் தோதான வெளிச்சம்.

கடைசியில் கொல்லைப்பக்கம் வந்தாள். பலகை வேலி ஓரமாக, ஆள் உயரத்துக்கு, பூத்துக் குலுங்கிக்கொண்டு உண்ணிச்செடி நின்றது.

"முன்னாடி இருந்தவங்க கவனிக்காம உட்டுட்டாங்கப்பா. இத எடுத்துடணும். பக்கத்து வீட்டுக்காரரு வந்து சொல்லிட்டாரு. எப்படிப்பா எடுக்கறது? எங்க கூட்டத்துல இவ்ளோ பெருசுன்னா மருந்துதான் அடிப்பாங்க. நீங்க மலையில பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்திருக்கிறேன். மலையில் நம் நாட்டு மரம் நடுகிறவர்கள் மழைக்கு முன்னால் உண்ணியை எடுப்பார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்து எத்தனையோ நாள் வரைந்திருக்கிறேன்.

"முழங்கால் ஒசரத்துக்கு முன்ன வெட்டிடு. இழுத்துப் பாத்தா வராது, கைதான் கிழியும். அடியில மண்ணத் தோண்டினா தண்டும் வேரும் சேர்ற இடத்துல முடிச்சி மாதிரி இருக்கும். அதுக்குக் கீழ வெட்டணும். எடுத்ததத் தலைகீழா நிறுத்திக் காயப் போடணும். மண்ணு படக் கூடாது. பட்டா, அங்கயே வேர் உட்டுடும்."

அவள் கேட்டுக்கொண்டே ஒரு கொத்தை ஒடித்தாள். ஒரு பூவைப் பிடுங்கி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காம்பை வாயில் வைத்தாள். முப்பது வயது தாண்டியவள்.

"அப்பா, ஓரமா ஒரே ஒரு செடி மட்டும் உட்டுடட்டுமா? யாருக்கும் தெரியாம வெட்டி வெட்டிச் சின்னதாவே வச்சிக்கறேன்."

விடு என்று சொல்லத்தான் ஆசை. அந்த ஒரு செடி அங்கே நின்றால் அவள் தினமும் அதைப் பார்ப்பாள். பார்க்கும்போதெல்லாம் சைக்கிள் ஞாபகம் வரும், மலை ஞாபகம் வரும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று மனசு கணக்குப் போட்டது. பக்கத்தில் மனைவி மூச்சு விடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. ஒண்ண உட்டாலும் குருவி தின்னு ஊரு பூரா போட்டுடும். அக்கம்பக்கத்துல பேச்சு வரும். வேரோட எடுத்துடு" என்றேன். "உன் வீடும்மா அது. வேலி ஓரத்த சுத்தமா வச்சிக்க."